புல்லாங்குழலுக்கு மாறும் நேரம்

சிப்பித்துறைக்காரர்கள் சத்தக்காரர்கள். கடலோடு போட்டி போட்டுப் பேசி வளர்ந்த தொண்டைகள். வீட்டுக்குள் ஒருத்தி உப்பு எங்கே என்று கேட்டால் மூன்று தெரு தள்ளி ஒருத்தன் 'அடுப்புக்குப் பக்கத்துல பாரு' என்று பதில் சொல்லுவான். அப்பேர்ப்பட்ட ஊர் ஒரு வருசம் சித்திரையிலிருந்து கார்த்திகை வரைக்கும் குசுகுசுவென்று மட்டுமே பேசித் திரிந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நமக்கென்ன நட்டம்; நடந்தது நடந்ததுதான். அதற்குக் காரணம் மாதா கோயிலின் பாடகர் மாடத்தில் கீபோர்டு வாசித்த இக்னேசி தல்மேதாதான் என்பதும் ஊரறிந்த விசயம்தான். ஆனால் அவன் அதை ஏன் எட்டு மாசம் நீடிக்கவிட்டான் என்பது ஒரே ஒருத்தியைத் தவிர இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

இக்னேசிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கவும் ஆள் இல்லை. கடைத்தெருவில் ஒற்றைக் கதவு போட்ட கடை, கடைக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்ட அறை, அவ்வளவுதான் அவன் ராஜ்ஜியம். விசைப்படகுகளின் வாக்கிடாக்கி, ஜி.பி.எஸ்., மீன் காட்டும் பெட்டி எது கெட்டாலும் அவனிடம்தான் வரும். இக்னேசி கைவைத்து ஓடாத சாமான் கிடையாது, இக்னேசி 'ஆகாது' என்று சொல்லிவிட்டால் அதைக் கடலில் போட்டுவிடலாம் என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. சாமானைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், சாமானை வாங்கிக்கொண்டு போவார்கள், அவனிடம் யாரும் நின்று பேசமாட்டார்கள். ரிப்பேரான வாக்கிடாக்கியைச் சோதிக்க 'ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று அவன் சொல்லுவான், கடலில் எவனாவது ஒருத்தன் 'கேக்குது' என்பான். பல நாள் இக்னேசி மனுசரோடு பேசிய மொத்தப் பேச்சே அவ்வளவுதான். தனிமை என்று அதற்குப் பேர் வைக்கக்கூட அவனுக்குத் தோன்றியதில்லை. எல்லாருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவி மனுசன்.

கோயிலில் இருந்த பழைய கீபோர்டு உப்புக் காற்றில் இற்றுப்போக, மஸ்கட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு லேப்டாப்பும், தானாகச் சத்தமே வராத ஒரு சின்னக் கீபோர்டும் அனுப்பி வைத்தார்கள். கட்டையை அழுத்துவது இங்கே, சத்தம் பிறப்பது லேப்டாப்புக்குள்ளே. ஆர்கன், வயலின், மணி, புல்லாங்குழல் என்று நானூறு வகை, ஒவ்வொன்றுக்கும் பிரீசெட் என்று பேர், திரையில் பேரைத் தொட்டால் அந்தச் சத்தம் வரும். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒவ்வொரு பிரீசெட்டையும் ஒவ்வொரு தேசத்துக்காரன் தன் காதுக்குப் பிடித்த அளவில் சேமித்து வைத்திருந்தான். ஆர்கனைச் செய்தவன் சாது, புல்லாங்குழலைச் செய்தவன் செவிடனோ என்னவோ, ஆர்கனிலிருந்து புல்லாங்குழலுக்கு மாற்றினால் படாரென்று சத்தம் எகிறிக் கூரையில் இருக்கிற புறா எல்லாம் பறந்துபோகும், நற்கருணை வாங்க வரிசையில் நிற்கிற பிள்ளைத்தாய்ச்சிகள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மூன்று வாரமாக இக்னேசி நினைத்துக்கொண்டிருந்தான்.

நாலாவது ஞாயிறு அந்தச் சத்தம் ஸ்பீக்கரை விட்டு வெளியேறிவிட்டது. இக்னேசி புல்லாங்குழலைத் தொட்டான். ஸ்பீக்கரில் புல்லாங்குழல் பூப்போல இறங்கியது. எகிற வேண்டிய சத்தம் எகிறத்தான் செய்தது, ஆனால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்தின் வாயிலிருந்து எகிறியது. பூசை வைத்த ததேயு சாமியின் பிரசங்கத்தைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவளின் காதுக்குள் அவள் ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இழுத்துட்டாரு" என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் கோயிலைத் தாண்டி, கடற்கரையைத் தாண்டி, பன்னிரண்டு கடல் மைல் தள்ளி வலை இழுத்துக்கொண்டிருந்தவன் காதிலும் விழுந்தது. எவனோ தனக்கு முந்தி வலையை இழுத்துவிட்டான் என்று அவன் இன்னும் வேகமாக இழுத்தானாம். அமலோற்பவம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாமி அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார், பிறகு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார், பூசை நடந்தது.

தினமும் காலை ஆறு மணிப் பூசையில் ஒரு தடவை புல்லாங்குழலுக்கு மாற்ற வேண்டும், ஆகவே தினமும் ஒரு வார்த்தை எகிறியது. திங்கட்கிழமை மேலத்தெருப் புதுப்பெண் புருசன் காதில் சொன்ன "போதும்" எகிறியது. அந்தப் பெண் பத்து நாள் வெளியே தலைகாட்டவில்லை. செவ்வாய்க்கிழமை பெண்டாட்டியோடு பேச்சு வார்த்தை இல்லாத ஒருத்தன் பனியனைத் தேடிக்கொண்டு தனக்குத்தானே முனகிய "காணோம்". புதன்கிழமை மடத்துச் சிஸ்டர் ஒருத்தி முழங்காலில் நின்று சொன்ன "பயமாயிருக்கு"; அவள் எதற்குப் பயந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் மடத்து வாசலில் யாரோ ஒரு நாயைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். டீக்கடைப் பெஞ்சில் ஒரு வாரம் வழக்காடி ஊர் முடிவுக்கு வந்தது: இக்னேசி சத்தம் மாற்றுகிற அந்த நொடியில், ஊரிலேயே எது ஆக மெல்லிசான குரலோ அதற்குத்தான் அந்தச் சத்தம் போய்ச் சேருகிறது. ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. கடலில் நாள்தோறும் எத்தனையோ நடக்கிறது, எல்லாவற்றையும் ஏன் என்று கேட்டுக்கொண்டா இருக்கிறோம்.

இக்னேசி மட்டும் கேட்டான், ரிப்பேர்க்காரன் அல்லவா. அந்த வாரமே ஒரு மத்தியானம் தனியாக மாடத்தில் உட்கார்ந்து, புல்லாங்குழலின் அளவை ஒன்பது புள்ளி கீழே இறக்கி, ஆர்கனுக்குச் சமமாக்கி மாற்றிப் பார்த்தான். ஊரில் எந்த வார்த்தையும் எகிறவில்லை. பழைய அளவுக்கு ஏற்றி மாற்றினான். மீன்வாடியில் எவனோ முணுமுணுத்த "கொசு" ஊரெல்லாம் கேட்டது. நோயும் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது, ரெண்டு நிமிச வேலை. மறுபடி ஒன்பது புள்ளி இறக்கிச் சேமிக்கப் போனான். அப்போது மரப்படியில் காலடி கேட்டது. இருபத்திரண்டு படி ஏறி, மூச்சு வாங்க, மீன் ஏலம் போடுகிற கஸ்பாரும் அவன் பெண்டாட்டியும் இன்னும் நாலு பேரும் வந்து நின்றார்கள். அந்த மாடத்துக்குப் பாடகர் குழுவைத் தவிர ஊர்க்காரர் ஒருத்தர் ஏறி வந்து இக்னேசி பார்த்ததே இல்லை.

"என்ன இக்னேசி, எப்படி இருக்கீரு? மெலிஞ்சு போயிட்டீரே" என்றான் கஸ்பார்.

அந்தக் கேள்வியை இக்னேசியிடம் யாரும் கேட்டுப் பழக்கமில்லை.

"சாப்பிட்டீரா அண்ணே?" என்றாள் கஸ்பார் பெண்டாட்டி. "நாளைக்குப் புட்டு அவிக்கேன், கொண்டாறேன். ஆமா, இந்தச் சங்கதி சரியாயிருமா?"

இக்னேசி திரையைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான். விரல் என்னமோ ஒன்பது புள்ளியை மறுபடி மேலே ஏற்றிவிட்டது.

"ஆகாது" என்றான்.

இக்னேசி ஆகாது என்றால் ஆகாது. ஊர் நம்பியது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இக்னேசிக்குப் பொய் சொன்ன பிறகுதான் போஜனமே கிடைத்தது. மறுநாள் புட்டு வந்தது, அதற்கு மறுநாள் சாளைமீன் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை இறைச்சி, மழைநாளில் சுக்குக் காப்பி. 'நாளைக்கு எத்தனை மணி எத்தனை நிமிசத்துக்கு மாத்துவீரு?' என்று கேட்க ஒரு கூட்டம் தினமும் படியேறியது. கேட்டதும் போய்விடாமல் உட்கார்ந்து, முட்டுவலி, மருமகள் சண்டை, பையனுக்குப் பெண் பார்த்தது, எல்லாம் பேசியது. இக்னேசி தலையாட்டிக் கேட்டான், பிறகு ஒன்றிரண்டு பேசினான், பிறகு சிரிக்கவும் செய்தான். ராத்திரி கட்டிலில் படுத்தால் இன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே தூங்கிப்போவான். அவனுக்கு ஒரே ஒரு பயம்தான்: அந்தப் படியில் காலடி நின்றுவிடக்கூடாது.

ஊர் அந்த அதிசயத்தைப் பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். முதலில் பயந்தது, பிறகு வெட்கப்பட்டது, பிறகு பயன்படுத்தத் தொடங்கியது. கடலில் இருக்கிற புருசனுக்கு வார்த்தை அனுப்ப நினைத்தவள் பூசை நேரத்தில் கரையில் போய் நின்று, ஊரிலேயே ஆக மெல்லிசாகத் தன் குரல் இருக்க வேண்டும் என்று உதட்டுக்கும் மூச்சுக்கும் நடுவில் பேசிப் பழகினாள். அவளை ஜெயிக்க அவள் கொழுந்தி இன்னும் மெல்லிசாகப் பேசிப் பழகினாள், கொழுந்தியை ஜெயிக்க அடுத்த தெரு, அடுத்த தெருவை ஜெயிக்கக் கீழத்தெரு. இப்படியே போட்டியில் குரல்கள் இறங்கி இறங்கி, ஆனி மாசம் வருவதற்குள் சிப்பித்துறை முழுக்கக் காற்றாகத்தான் பேசியது. ஏலம் காதோடு காதாக நடந்தது. வியாபாரிகள் கஸ்பாரின் வாயைச் சுற்றித் தலைகளைக் குவித்துக்கொண்டு நின்றார்கள். சண்டைகூட ரகசியமாகத்தான் போட்டார்கள், கத்தித் தீர்க்க வழியில்லாததால் ஒரு சண்டை முடிய மூன்று நாள் ஆனது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்கிறார்களே, இக்னேசியின் ஒரு விரல் மூடிவிட்டது.

நல்லதும் நடந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். படுக்கையில் கிடந்த பழைய சுக்கான்காரர் ஒருத்தர், மருமகள் வெளியே போயிருந்த நேரத்தில் "தண்ணி" என்று முனகினார். அவள் ஓடி வருவதற்குள் பதினேழு பேர் சொம்போடு அந்த வீட்டில் நின்றார்கள். அந்தப் பதினேழு பேரையும் பார்த்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். அன்றைக்கு மாடத்தில் இக்னேசி அழுதான். தான் செய்தது தப்பில்லை என்று மனசுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்ட அழுகை அது.

ஒரே ஒரு விசயத்தில் மட்டும் ததேயு சாமி கறாராக இருந்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து மரக்கூண்டின் சல்லடை ஜன்னலில் ஜனங்கள் பாவத்தைச் சொல்வதைவிட மெல்லிசான பேச்சு எந்த ஊரிலும் இல்லை அல்லவா. ஆகவே சாமி கூண்டுக்குள் இருக்கும் வரைக்கும் இக்னேசி சத்தத்தை மாற்றக்கூடாது, கீபோர்டு மேல் துணியைப் போட்டு மூடிவிட வேண்டும். இக்னேசியும் கார்த்திகை வரைக்கும் மூடித்தான் வைத்தான்.

கார்த்திகையில் மாதா திருவிழா வந்தது. பெரிய பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊரே பாவசங்கீர்த்தனம் செய்யும். ஒருத்தரோடு ஒருத்தர் மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்க்காமல் திருவிழா நற்கருணை வாங்கக்கூடாது என்பது அங்கே பரம்பரையாக வருகிற பழக்கம். நாலு மணிக்குத் தொடங்கிய வரிசை ஐந்தரைக்குத் தேய்ந்துவிட்டது. மாடத்தில் அன்று இருபது பேராவது இருந்தார்கள். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர்களும் இருந்தார்கள். 'எப்படி மாத்துவீரு, ஒரு தடவை செஞ்சு காட்டுமே' என்று கெஞ்சினார்கள். இக்னேசி கீழே எட்டிப் பார்த்தான். கூண்டுப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள், பிரகாசியக்கா, முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். அறுபது வயசு, கல்யாணம் ஆகாதவள், கோயிலுக்குப் பின்னால் ஒற்றை ஓட்டுவீட்டில் கருவாடு காயப்போட்டு விற்றுக் காலம் தள்ளுகிறவள், யார் வம்புக்கும் போகாதவள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற அவளுக்குச் சொல்ல என்ன பாவம் இருக்கப்போகிறது? இருபது பேர் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு ஆளுக்காகக் கீபோர்டை மூடியே வைத்திருக்க இக்னேசிக்கு மனசு வரவில்லை. துணியை விலக்கினான். தொட்டான்.

"மன்னிக்கமாட்டேன்!"

பிரகாசியக்காவின் குரல்தான். கோபுரத்தில் மோதி, கடலில் மோதித் திரும்பி வந்தது. ஊர் அப்படியே உறைந்து நின்றது. பிரகாசி கூண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், மாடத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

யாரை மன்னிக்கமாட்டாள் என்று அந்த வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் வினையாகப் போனது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, என்னைத்தான் சொல்கிறாள் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக நினைத்தது. விடிந்தால் பெரிய பூசை. பிரகாசியின் மனத்தாங்கலைத் தீர்க்காமல் எப்படி நற்கருணை வாங்குவது? அன்று சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் அவள் வாசலில் வரிசை நின்றுவிட்டது, கையில் அதிரசத் தட்டும் வாழைப்பழச் சீப்புமாக. மாடத்து ஜன்னலிலிருந்து இக்னேசி அதைப் பார்த்தான். என்ன பேசினார்கள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியும்.

முதலில் வந்தவன் கஸ்பார். "பிரகாசி மைனி, அந்தக் காலத்துல ஒங்க கிணத்துல செத்த ஆமையைத் தூக்கிப் போட்டது நாந்தான். சின்ன வயசு, வெளையாட்டுக்குச் செஞ்சது."

பிரகாசிக்கு முதலில் புரியவில்லை. தண்ணீர் தானாக நாறிவிட்டது என்று நினைத்துத்தான் அவள் அப்பா அந்தக் கிணற்றை மூடினார். நாற்பது வருசமாகப் பொதுக்குழாயிலிருந்து குடம் சுமந்து இடுப்பு ஒரு பக்கம் இறங்கிப் போயிருந்தது. "சரி, போ" என்றாள்.

பாடகர் குழுவை நடத்துகிற ரீத்தம்மா டீச்சர் வந்தாள். "ஒன் குரல் கரகரன்னு இருக்குன்னு சாமிகிட்டச் சொல்லி ஒன்னைக் குழுவுல இருந்து எடுத்தேன்ல பிரகாசி? பொய்தான். நல்ல குரல் ஒனக்கு. என் மகளுக்கு ஒரு எடம் வேணுமா இருந்துச்சு." பத்தொன்பது வருசமாகப் பூசையில் தன் குரல் யாருக்கும் தொந்தரவாகிவிடக்கூடாது என்று உதட்டை மட்டும் அசைத்துவந்தவள் பிரகாசி. "சரி, போங்க டீச்சர்" என்றாள்.

அப்புறம் வந்தவர்களைக் கணக்கே எடுக்க முடியாது. கொடியில் காய்ந்த சேலையை எடுத்தவள், அவள் கருவாட்டில் புழு என்று கிளப்பிவிட்டவன், அவள் அப்பா சாவுக்கு வேண்டுமென்றே வராதவர்கள். கடைசியாக அடுத்த வீட்டு அமலோற்பவம் வந்தாள், பிரகாசியின் சிநேகிதி, ஒரே சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அறுபது வருசம் பேசி வளர்ந்தவள். வாசலுக்குள் வராமலே நின்றாள்.

"ஒன்னைய மணப்பாட்டுல இருந்து பொண்ணு பாக்க வந்தாங்கல்லா" என்றாள். "அவங்க திரும்பி வராததுக்குக் காரணம் நாந்தான்டி. ஒனக்குக் காக்கா வலிப்பு வரும்னு சொல்லிட்டேன். அப்ப எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, ஒனக்கு மட்டும் ஆகுதேன்னு ஒரு எரிச்சல். ஒரு வார்த்தைதான் சொன்னேன்."

பிரகாசி இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்தாள். அப்புறம் அவளையும் பார்த்து "சரி, போ" என்றாள்.

மறுநாள் பெரிய பூசையில் ஊரே சுத்தமான மனசோடு நற்கருணை வாங்கியது. பிரகாசி வரவில்லை. மாடத்திலிருந்து இக்னேசி அவள் உட்காருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தான், இரண்டு இடத்தில் சுதி தப்பியது. பூசை முடிந்து சனங்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனதும், தனியாக உட்கார்ந்து, புல்லாங்குழலை ஒன்பது புள்ளி கீழே இறக்கிச் சேமித்தான். ரெண்டு நிமிசம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு எந்த வார்த்தையும் எகிறவில்லை. ஊர் ஒரு வாரம் காத்துப் பார்த்தது, சாளை சீசன் முடிந்தால் வலையை மடித்து வைப்பதுபோல ஆசையை மடித்து வைத்துவிட்டு, மார்கழிக்குள் பழையபடி கத்தத் தொடங்கிவிட்டது. யாரும் இக்னேசியைக் கோபித்துக்கொள்ளவில்லை, யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லையென்றால் படியேற வேண்டியதும் இல்லை அல்லவா. புட்டு நின்றது, குழம்பு நின்றது. கஸ்பார் ஒரு நாள் வாக்கிடாக்கியைக் கடைப்பலகையில் வைத்துவிட்டு 'சாயங்காலம் வாரேன்' என்று முகத்தைப் பார்க்காமலே போனான். முன்னேயெல்லாம் தனிமை இன்னதென்று தெரியாமல் இருந்தான் இக்னேசி. இப்போது தெரிந்துகொண்டு தனியாக இருந்தான், அதுதான் கொடுமை. 'ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று சொல்லிவிட்டு, 'கேக்குது' என்று பதில் வந்த பிறகும் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பான்.

பிரகாசியின் கதி அதைவிட மோசமாக இருந்தது. ஊர் அவளைக் கொண்டாடியது, 'பெரிய மனசு, அத்தனை பேரையும் மன்னிச்சுட்டாளே' என்று பேசியது, ஆனால் பேசியது எல்லாம் அவள் இல்லாத இடத்தில்தான். அவள் குடத்தோடு வந்தால் குழாயடி காலியாகிவிடும். தன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அந்த ஆமையோ சேலையோதானே ஞாபகம் வரும் என்று ஒவ்வொருத்தரும் வேறு தெரு வழியாகப் போனார்கள். அமலோற்பவம் தன் பக்கத்துச் சுவரில் அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டாள். ததேயு சாமிக்கு உண்மை தெரியும், ஆனால் கூண்டில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று சாமிக்குக் கட்டுப்பாடு. மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முழுக்கப் பூனைகளைப் பற்றியே பேசினார், ஊருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடத்திலிருந்து பார்த்தபோது பூசையில் பிரகாசியின் உதடுகூட இப்போது அசைவதில்லை என்பதை இக்னேசி கவனித்தான். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

தை மாசம் ஒரு சாயங்காலம் போய் அவள் வாசலில் நின்றான். பிரகாசி காய்ந்த நெத்திலியை ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீயும் வந்துட்டியா?" என்றாள். "சொல்லு. நீ என்னத்தை எடுத்த?"

"அந்தச் சத்தத்தைச் சரிபண்ணுற வேலை ரெண்டு நிமிசந்தான்க்கா" என்றான் இக்னேசி. நின்றுகொண்டே சொன்னான். "மொத வாரமே எனக்குத் தெரியும். ஆகாதுன்னு பொய் சொன்னேன். அன்னைக்கு நீங்க கூண்டுப் பக்கம் நின்னதும் தெரியும். தெரிஞ்சுதான் தொட்டேன்."

பிரகாசியின் கை நின்றது. "ஏன்டா?"

"ஆளு வந்துச்சுக்கா." கோயில் மாடத்தின் பக்கம் கையைக் காட்டினான். "மேல ஏறி வந்தாங்க. எப்படி இருக்கேன்னு கேட்டாங்க. சாப்பிட்டியான்னு கேட்டாங்க. சரி பண்ணிட்டா வரமாட்டாங்கல்ல."

சுவரோரம் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை வந்து பெட்டியை மோந்து பார்த்தது. அவள் அதை விரட்டவில்லை.

"அன்னைக்கு நான் யாரைச் சொன்னேன்னு தெரியுமா ஒனக்கு? இந்தா, இவனைத்தான்" என்று பூனையைக் காட்டினாள். "பெட்டியில இருந்த சீலாக் கருவாட்டைத் தூக்கிட்டுப் போயிட்டான். 'ஒன்னைய சாகுறவரைக்கும் மன்னிக்கமாட்டேன்'னு இவனைத் திட்டினேன் சாமின்னு பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிட்டிருந்தேன். கோபப்பட்டா பாவம்தானே? எனக்குக் கோபப்பட இவனை விட்டா யாரு இருந்தா சொல்லு. இந்த ஊர்ல யாரும் எனக்கு ஒரு கெடுதலும் செஞ்சதில்லைன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்டா. தனியாத்தான் இருந்தேன், ஆனா நல்லவங்க நடுவுல தனியா இருக்கோம்னு இருந்தேன்."

இக்னேசி படியில் உட்கார்ந்துவிட்டான். கேவிக் கேவி அழுதான், ஐம்பத்திரண்டு வயசுக்காரன், தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல்.

"என்னைய மன்னிச்சிருங்கக்கா" என்றான்.

பிரகாசி அவனைப் பார்த்தாள். 'சரி, போ' என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தெருவைப் பார்த்தாள், அமலோற்பவத்தின் சாத்தின கதவைப் பார்த்தாள்.

"வந்தவங்க எல்லாரும் மன்னிப்பை வாங்கிக்கிட்டுப் போனாங்க" என்றாள். "ஒருத்தர்கூடத் திரும்பி வரலை. நீயும் வாங்கிட்டா வரமாட்ட."

"வருவேன்க்கா."

"எல்லாரும் அப்படித்தான்." எழுந்து உள்ளே போனாள். ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்தே பேசினாள், இத்தனை வருசத்தில் அவள் குரல் அப்படி உயர்ந்து இக்னேசி கேட்டதில்லை. "இன்னைக்குத் தர முடியாது. காப்பியக் குடிச்சிட்டுப் போ. நாளைக்கு இதே நேரத்துக்கு வந்து கேளு, பாக்கலாம்."

இக்னேசி மறுநாள் போய்க் கேட்டான். இன்னும் மனசு ஆறவில்லை என்றாள். அதற்கு மறுநாளும் கேட்டான், மழை பெய்த நாளும் குடை பிடித்துக்கொண்டு போய்க் கேட்டான். வருசம் எட்டு ஓடிவிட்டது. கல் நெஞ்சுக்காரி, ஊரையே மன்னித்தவள் அந்த அப்பிராணி ஒருத்தனை மட்டும் மன்னிக்கமாட்டேன் என்கிறாளே, அவனும் சாயங்காலம் தவறாமல் போய்க் கெஞ்சிவிட்டு வருகிறானே என்று இன்றைக்கும் சிப்பித்துறையில் சத்தம் போட்டுத்தான் பேசிக்கொள்கிறார்கள்.